படுத்தால் கவிழும் தொங்கு படுக்கை: இறுக்குவதா, தளர்த்துவதா?

கேள்வி இதுதான்: முகாம் பயணங்களுக்காக வாங்கிய துணித் தொங்கு படுக்கை, அதாவது ஹம்மாக், ஏறி உட்காரும்போதே ஒரு பக்கமாகப் புரண்டு ஆளைக் கீழே தள்ளுகிறது. எப்படியோ ஏறிப் படுத்தாலும் முதுகு வில்லாக வளைகிறது, முழங்காலுக்குப் பின்னால் வலிக்கிறது. கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டியும் பயனில்லை. இரு முனைகளிலும் குறுக்குக் கட்டை வைத்துத் துணியை விரித்துவிட்டால் சரியாகிவிடுமா?

கட்டை வைக்க வேண்டாம். கயிற்றை இறுக்கவும் வேண்டாம். இறுக்கியதுதான் கவிழ்வதற்குக் காரணம், கட்டை வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: படுக்கையை நன்றாகத் தொய்யவிட்டு, அதன் நீளவாக்கில் நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுப்பது. முதலில் இதை நம்புவது கடினம். நானும் முதல் முறை படுக்கையை முரசுத் தோல் போல இழுத்துக் கட்டி, ஏறிய வேகத்திலேயே மர வேரின் மேல் விழுந்தேன். எழுந்தவுடன் நான் செய்த முதல் காரியம், ‘போதிய இறுக்கம் இல்லை’ என்று எண்ணி மேலும் இறுக்கியதுதான்.

கவிழ்வதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும். துணி இரு முனைகளிலும் ஒன்றாகக் கூடிச் சுருங்கும் இடங்களை இணைத்து ஒரு நேர்க்கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கதவு தன் கீல்களைச் சுற்றித் திரும்புவதைப் போல, தொங்கு படுக்கை அந்தக் கோட்டைச் சுற்றித்தான் உருளும். உங்கள் உடலின் ஈர்ப்பு மையம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், படுக்கை சற்றுச் சாய்ந்தாலும் உங்கள் எடையே அதைப் பழைய நிலைக்கு இழுத்து வந்துவிடும், கடிகார ஊசல் தானாக நடுவுக்குத் திரும்புவது போல. ஈர்ப்பு மையம் கோட்டுக்கு மேலே போய்விட்டாலோ, அதே எடை சாய்வை மேலும் மேலும் கூட்டும். உள்ளங்கையில் நிறுத்தி வைத்த கோல் விழுவது போல நீங்கள் விழுவீர்கள். ஆகவே படுக்கை நிலைத்திருப்பது எவ்வளவு இறுக்கமாகக் கட்டினோம் என்பதைப் பொறுத்ததன்று. அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே உடல் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதை அளவுகளோடு பார்க்கலாம். துணியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் ஈர்ப்பு மையம் இருக்கையிலிருந்து ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். படுத்துவிட்டால் அது சுமார் 10 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும். நன்றாகத் தொய்ந்த படுக்கையில் உட்காரும் இடம் அந்தக் கற்பனைக் கோட்டுக்கு 80 செ.மீ. அளவுக்குக் கீழே இருப்பதால், உட்கார்ந்தாலும் படுத்தாலும் நீங்கள் கோட்டுக்குக் கீழேதான் இருப்பீர்கள். விறைப்பாகக் கட்டிய படுக்கையிலோ தொய்வே 20 செ.மீ.தான் இருக்கும். படுத்த பிறகு அதில் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். ஏறி உட்காரும் அந்தச் சில நொடிகளில் உங்கள் எடை கோட்டுக்கு மேலே இருக்கிறது. பெரும்பாலோர் படுத்திருக்கும்போது விழாமல், ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே விழுவதன் காரணம் இதுதான்.

இறுக்கிக் கட்டுவதில் இன்னொரு தீங்கும் உண்டு. கயிறு கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணம் 30 டிகிரியாக இருந்தால், ஒவ்வொரு முனையிலும் விழும் இழுவிசை கிட்டத்தட்ட உங்கள் எடைக்குச் சமமாக இருக்கும். 80 கிலோ எடையுள்ளவர் படுத்தால், ஒவ்வொரு பக்கத்துக் கயிறும் 80 கிலோவைத் தாங்கினால் போதும். கோணம் 10 டிகிரியாகக் குறைந்தால் அது ஏறக்குறைய 230 கிலோவாகிறது. 5 டிகிரியில் 460 கிலோவை எட்டுகிறது. இவை அசையாமல் படுத்திருப்பவருக்கான கணக்கு. தொப்பென்று உட்கார்ந்தால் ஒரு கணத்துக்கு இதைவிடக் கூடுதலாகவே விழும். கயிறு அறுவதும், துணி தையலோடு கிழிவதும், மெல்லிய மரம் வளைவதும் பெரும்பாலும் ஆளின் எடையால் நேர்வதல்ல, கட்டிய கோணத்தால் நேர்வது.

எனவே 30 டிகிரியை இலக்காகக் கொள்ளுங்கள். கோணமானி வேண்டியதில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக உயர்த்தித் துப்பாக்கி போலப் பிடியுங்கள். ஆள்காட்டி விரல் கிடைமட்டமாக இருக்கட்டும். அதன் நுனியையும் கட்டைவிரல் நுனியையும் இணைக்கும் சாய்வு சுமார் 30 டிகிரி இருக்கும். மரத்தைச் சுற்றிக் கட்டிய பட்டை, அதாவது படுக்கையைத் தாங்கும் கயிறு அல்லது நாடா, இறங்கி வரும் சாய்வு அதனோடு ஒத்துப்போனால் போதும். ஓரிரண்டு டிகிரி முன்பின் இருப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

மரங்களின் இடைவெளிக்கும் கட்டும் உயரத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். துணியின் நீளம் 335 செ.மீ. என்றும், இரு மரங்களுக்கிடையே நாலரை மீட்டர் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். தொய்ந்த நிலையில் படுக்கையின் முனைகளுக்கிடையே இருக்கும் 280 செ.மீ. போக, ஒவ்வொரு பக்கமும் 85 செ.மீ. மிஞ்சும். 30 டிகிரிச் சாய்வில் அந்த 85 செ.மீ. தூரத்துக்குப் பட்டை கிட்டத்தட்ட 50 செ.மீ. மேலே ஏறும். ஆள் உட்கார்ந்த நிலையில் படுக்கையின் அடிப்பகுதி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில், அதாவது ஒரு நாற்காலி உயரத்தில், இருக்க வேண்டும். அதற்கு மேல் 80 செ.மீ. தொய்வு, அதற்கு மேல் அந்த 50 செ.மீ. எல்லாம் கூட்டினால் மரத்தில் 175 செ.மீ. உயரத்தில், ஏறத்தாழ தலை உயரத்தில், பட்டையைச் சுற்ற வேண்டியிருக்கும். இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டு, தரை தட்டாமலிருக்க இறுக்கிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. மரங்கள் இன்னும் தள்ளி இருந்தால் இன்னும் உயரே கட்ட வேண்டும். மூன்று மீட்டருக்கும் நெருக்கமாக இருந்தால் வேறு மரங்களைத் தேடுவதே நல்லது.

இந்த அளவெடுக்கும் வேலையை ஒரே முறையோடு முடித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அதுவே முகட்டுக் கயிறு. படுக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, உங்கள் முகத்துக்கு மேலாக, நீளாத மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். துணியின் நீளத்தில் 83 விழுக்காடு என்பது இதற்குப் பலரும் ஒப்புக்கொள்ளும் தொடக்க அளவு. 335 செ.மீ. துணிக்கு இது 278 செ.மீ. ஆகும். மரங்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும், பட்டையை நீங்கள் சற்று இறுக்கியோ தளர்த்தியோ கட்டினாலும், படுக்கையின் தொய்வு மட்டும் மாறாமல் ஒன்றுபோலவே அமைய இந்தக் கயிறு வழிசெய்கிறது. நீங்கள் படுத்த பிறகு அந்தக் கயிற்றை இரு விரல்களால் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஓரளவு வளைந்தால் சரி. வீணைத் தந்தி போல விறைத்து நின்றால் மரத்தில் சுற்றிய பட்டைகளைத் தளர்த்துங்கள். தொளதொளவென்று தொங்கினால் சற்று இறுக்குங்கள். பிறகு இரண்டு மூன்று செ.மீ. கூட்டியும் குறைத்தும் உங்களுக்கு ஏற்ற நீளத்தைக் கண்டுபிடிக்கலாம். குறைத்தால் படுக்கை ஆழமாகும், கூட்டினால் ஓரங்கள் இறுகித் தோள்களை அழுத்தும். ஒரே ஒரு துணைப்பொருள்தான் வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். கொசுவலையைத் தொங்கவிடவும், கண்ணாடியையும் விளக்கையும் மாட்டி வைக்கவும் அது உதவுவது கூடுதல் வசதி.

ஏறும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். குதிரையில் ஏறுவது போலக் காலைத் தூக்கிப் போடாதீர்கள், தலையை முதலில் நுழைக்கவும் பார்க்காதீர்கள். படுக்கையின் நடுப்பகுதிக்கு முதுகைக் காட்டி நின்று, இரு கைகளாலும் துணியைப் பின்புறம் அகல விரித்துப் பிடித்து, ஓரத்தில் அல்லாமல் நன்றாக உள்ளே தள்ளி உட்காருங்கள். உட்கார்ந்ததும் இரு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த 45 செ.மீ. உயரம். எடை முழுவதும் துணியில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகு, தோள்களைத் தலைப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே கால்களைத் தூக்கி உள்ளே வையுங்கள். இறங்கும்போது இதையே பின்னோக்கிச் செய்ய வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஓரத்தைப் பிடித்து எழ முயல்பவர்களே விழுகிறார்கள்.

இனி வசதியைப் பற்றி. முதுகு வளைவது நீங்கள் துணியின் நடுக்கோட்டின் மேல் நேராகப் படுப்பதால்தான். நடுக்கோடு முனைக்கு முனை தொய்ந்த ஒரு வளைவு, அதன் மேல் கிடக்கும் உடலும் அந்த வளைவையே ஏற்கும். தலையை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமும் கால்களை எதிர்ப்பக்கமும் 25 அல்லது 30 செ.மீ. நகர்த்திக் குறுக்காகப் படுத்தால், உடலின் இரு முனைகளும் துணியின் ஓரங்களைக் கீழே அழுத்தும், நடுவில் துணி இழுபட்டுத் தட்டையாகும். ஆழமாகத் தொய்ந்த படுக்கையில்தான் இது முடியும். விறைத்த படுக்கையில் ஓரங்கள் விட்டுக்கொடுக்காது, உங்களை நடுக்கோட்டுக்கே தள்ளிவிடும். ஆகவே கவிழாமலிருக்கச் செய்யும் அதே தளர்வுதான் தட்டையாகப் படுக்கவும் வழிசெய்கிறது. தொங்கு படுக்கை பிறந்த கரீபியன் தீவுகளிலும் நடு அமெரிக்காவிலும் கட்டையே இல்லாத, மிக அகலமான படுக்கைகளைத் தொய்யவிட்டு, அவற்றில் குறுக்காகப் படுப்பதே வழக்கம். ‘ஹம்மாக்’ என்ற சொல்லும் கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் மொழியிலிருந்து வந்ததுதான்.

எந்தப் பக்கம் தலை வைப்பது என்பது பொதுவாக உங்கள் விருப்பம். சில படுக்கைகளில் மட்டும் கால் வைக்க ஒரு பக்கமாகத் துணியைப் பிதுக்கித் தைத்திருப்பார்கள். அவற்றில் அந்தத் திசையிலேயே படுக்க வேண்டும், மாற்றிப் படுத்தால் எதுவும் பொருந்தாது.

குறுக்காகப் படுத்தும் முழங்காலுக்குப் பின்னாலோ கெண்டைக்காலின் அடியிலோ ஒரு மேடு அழுத்துகிறதா? துணியின் நடுவில் முனையை நோக்கி ஓடும் ஒரு விறைப்பான மடிப்பு அது. அதற்கு முதல் மருந்து, கால் பக்கத்துப் பட்டையைத் தலைப்பக்கத்தைவிட 15 முதல் 20 செ.மீ. உயர்த்திக் கட்டுவது. இடுப்புக்கு மேற்பட்ட உடல் கனமானது என்பதால், சமமாகக் கட்டிய படுக்கையில் நீங்கள் இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கால் பக்கம் நழுவுவீர்கள். கால் பக்கம் உயர்ந்திருந்தால் அந்த நழுவல் நின்றுவிடும். பிறகும் வலித்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு சிறிய தலையணையையோ சுருட்டிய மேல்சட்டையையோ வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், வாங்கிய படுக்கையே உங்களுக்குக் குட்டையானது என்று பொருள். மலிவான பயணப் படுக்கைகள் பல 270 செ.மீ. நீளத்தோடு முடிந்துவிடுகின்றன. சராசரி உயரமுள்ளவர் வசதியாகக் குறுக்கே படுக்க 300 செ.மீ. நீளமாவது வேண்டும், 335 இருந்தால் நல்லது. அகலம் ஒன்றரை மீட்டர் இருந்தால் ஒருவருக்குப் போதுமானது. ‘இருவர் படுக்கலாம்’ என்று விற்கப்படுவதை ஒருவருக்கான நல்ல படுக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் படுத்தால் இருவரும் உருண்டு நடுவில்தான் சேர்வார்கள்.

படுக்கைக்குள் பாய் விரிப்பவர்கள் அதுவும் சமநிலையைக் கெடுக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காற்றடைத்த தடித்த பாய் உங்கள் ஈர்ப்பு மையத்தைப் பல செ.மீ. உயர்த்துவதோடு, நைலான் துணியின் மேல் வழுக்கவும் செய்கிறது. பாய்தான் வேண்டும் என்றால் அதில் பாதிக் காற்றை மட்டும் நிரப்புங்கள், அல்லது மெல்லிய ஃபோம் பாயைப் பயன்படுத்துங்கள். குளிருக்காகத்தான் பாய் விரிக்கிறீர்கள் என்றால், அதைவிட நல்ல ஏற்பாடு படுக்கைக்கு வெளியே அடியில் தொங்கவிடும் அடிப்போர்வை. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலே அடியில் வீசும் காற்று முதுகைக் குளிரச் செய்யும். உறக்கப்பையின் அடிப்பகுதி உங்கள் எடையில் நசுங்கிவிடுவதால் அதனால் பயன் குறைவு. துணிக்கு வெளியே தொங்கும் போர்வை நசுங்காது, உங்களை உயர்த்தவும் செய்யாது.

கவிழ்வது வேறு, ஆடுவது வேறு. சரியாகத் தொய்ந்த படுக்கை கவிழாது என்றாலும் காற்றிலும், நீங்கள் புரளும்போதும், மெல்ல ஆடத்தான் செய்யும். சிலருக்கு அது தாலாட்டு, சிலருக்குக் குமட்டல். இரண்டாம் வகையினர், துணியின் இரு ஓரங்களிலும் நடுப்பகுதியிலிருந்து ஓர் எலாஸ்டிக் கயிற்றைத் தரையில் அடித்த முளைக்கு இழுத்துக் கட்டலாம். விறைப்பான கயிற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. எடை மாறும்போது முளை பிடுங்கிக்கொள்ளும், அல்லது துணியின் ஓரம் கிழியும். இந்தக் கயிறுகள் ஆட்டத்தைத் தணிக்க மட்டுமே. தவறாகக் கட்டிய படுக்கை கவிழ்வதை அவை தடுக்கும் என்று நம்பி ஏறாதீர்கள்.

இனி குறுக்குக் கட்டைக்கு வருகிறேன். முழு அகலத்துக்கும் கட்டை வைத்து விரித்த படுக்கை பார்ப்பதற்குக் கட்டில் போலத் தட்டையாகத் தெரியும், படங்களில் அழகாகவும் இருக்கும். அந்தத் தட்டைத் தன்மையே அதன் குறை. துணி உங்களைச் சுற்றி எழாமல் பலகை போல விரிந்து நிற்பதால், உங்கள் உடல் முழுவதும் அதன் மேலே, கட்டைகளிலிருந்து வரும் கயிறுகள் ஒன்றுசேரும் முனை வளையங்களை இணைக்கும் கோட்டுக்கு மிக அருகில் அல்லது அதற்கும் மேலே கிடக்கிறது. பகலில் சற்று நேரம் சாய்ந்திருக்க அது போதும், இரவில் உறங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கடற்படை மாலுமிகள் தங்கள் படுக்கையின் தலைப்பக்கத்தில் ஒரு சிறிய கட்டை வைத்ததுண்டு. ஆனால் அது துணியை முழுதாக விரிக்காத குட்டைக் கட்டை. துணியின் ஓரங்கள் ஆளின் இருபுறமும் சுவர் போல உயர்ந்தே நின்றன.

ஏற்கெனவே கட்டை வைத்த படுக்கை உங்களிடம் இருந்தால், அந்த மாலுமிகளின் வழியையே பின்பற்றலாம். இருக்கும் கட்டைகளுக்குப் பதிலாக மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள கட்டைகளைப் பொருத்தினால், மிஞ்சும் துணி நடுவில் தொட்டி போல இறங்கி உங்களை உள்வாங்கிக்கொள்ளும். கூடவே கட்டும் இடத்தை உயர்த்தித் தளர்த்துங்கள். கட்டையிலிருந்து வளையத்துக்குப் போகும் கயிறுகள் 30 டிகிரி சாய்ந்தால், வளையங்கள் படுக்கையின் தளத்தைவிட உயரே போய்விடும். அது முடியாத இடத்தில் நான்கு கட்டை முனைகளிலிருந்தும் தரைக்கு முளை அடித்துக் கட்டுங்கள், அதில் ஏறும்போது அகலத்தின் நடுவில் உட்கார்ந்து, முதுகையும் கால்களையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள். கட்டையும் வேண்டும், கவிழவும் கூடாது என்பவர்களுக்கென்றே பாலத் தொங்கு படுக்கை என்றொரு வகை இருக்கிறது. அதில் பக்கவாட்டுப் பட்டைகள் எடையைத் தாங்க, ஆள் அவற்றுக்குக் கீழே ஒரு கால்வாய் போன்ற பள்ளத்தில் படுப்பார். ஒருக்களித்து உறங்குபவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள், கட்டைகளின் எடையைச் சுமந்து செல்ல வேண்டும் என்பதே அதன் விலை.

கட்டும் பொருளிலும் சிறிது கவனம் வேண்டும். நைலான் கயிறும் நைலான் பட்டையும் எடையில் நீளும், ஈரம் பட்டால் இன்னும் நீளும். மாலையில் சரியாகக் கட்டிய படுக்கை விடியற்காலையில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாராகார்டு எனப்படும் மெல்லிய நைலான் கயிற்றை எடை தாங்கும் இடத்தில் பயன்படுத்தவே வேண்டாம். மரத்தைச் சுற்ற இரண்டரை செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டையே ஏற்றது, அது நீள்வதும் குறைவு, மரப்பட்டையை அறுக்கவும் செய்யாது. உயிருள்ள, அசைத்தால் ஆடாத மரமாகத் தேர்ந்தெடுத்து, தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

துணியும் நீளும் என்பதால், ஆளில்லாத நிலையில் படுக்கையின் அடி தரையிலிருந்து 55 அல்லது 60 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு கட்டுங்கள், உட்கார்ந்ததும் அது 45க்கு இறங்கும். பயணத்துக்கு முன்பே ஒரு பகலில் இதைக் கட்டி, முதலில் கைகளால் முழு எடையையும் அழுத்திப் பார்த்து, பிறகு உட்கார்ந்து, பிறகு ஒரு மணி நேரமாவது குறுக்காகப் படுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தெரியாத கெண்டைக்கால் வலி அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். எழுந்ததும் பட்டையில் முடிச்சு நின்ற இடத்தைப் பேனாவால் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை இருட்டில் கட்டும்போது அந்த அடையாளத்திலிருந்து தொடங்கலாம்.